குடல் கிருமிதான் எனக்குச் சுகரைக் கொண்டுவந்ததா?

குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பரிசோதனை அறிக்கைகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, கடிதத்தைச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 43. வீட்டிலேயே தையல் வேலை. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். கொழுந்தன் குடும்பமும் கூடவே இருப்பதால் எல்லோருக்கும் ஒரே அடுக்களை. இவருக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டாவது பிரசவ நேரத்திலும் சுகர் வந்து, குழந்தை பிறந்ததும் போய்விட்டது. அம்மாவுக்கும் சுகர் உண்டு. உயரம் 155 செ.மீ., எடை 66 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. மூன்று மாத சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.2 சதவீதம். ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 மி.கி. காலையில் மட்டும். மெட்ஃபார்மின் தொடங்கியதிலிருந்து வயிறு உப்புசம், அவ்வப்போது வயிற்றுப்போக்கு.

நான்கு மாதம் முன்பு பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டார். அதன் பிறகு சுகர் ஏறியதாக அவருக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்தில்தான் குடல் பாக்டீரியா பற்றிய ஒரு வீடியோவைப் பார்த்திருக்கிறார். கணவர் ஆன்லைனில் மலப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். ‘உங்கள் குடலில் குண்டாக்கும் பாக்டீரியா அதிகம், அக்கர்மான்சியா என்ற நல்ல பாக்டீரியா குறைவு’ என்று அறிக்கை வந்தது. கூடவே 90 நாள் ‘குடல் சீரமைப்பு’த் திட்டமும் வந்தது: முதல் மூன்று நாள் பேதிப் பொடியும் பழச்சாறும் மட்டும், அப்புறம் பாக்டீரியா பொடி. முன்பணம் கட்டியாகிவிட்டது. மெட்ஃபார்மின் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும் என்று அந்த வீடியோவில் சொன்னதால், இரண்டு வாரமாக அதை நிறுத்திவிட்டார். காலையில் போடும் ‘சின்ன மாத்திரையை’ மட்டும் விடவில்லை. அடுத்த வாரம் திட்டத்தைத் தொடங்கப் போகிறார்.

அவர் கேட்பது இவைதான்: என் சுகருக்குக் குடல் கிருமிதான் காரணமா? ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் என் ஓர்ப்படி ஒல்லியாக, சுகர் இல்லாமல் இருப்பது எப்படி? ஒல்லியானவர்களின் மலத்தை மாற்றி வைத்தால் சுகர் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) அடியோடு விட வேண்டுமா? பழஞ்சியிலேயே (இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய பழைய சோற்றிலேயே) நல்ல பாக்டீரியா இருப்பதால் அது போதாதா? இந்தக் கிருமி என் மகளுக்கும் போயிருக்குமா?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் மாத்திரை

அடுத்த வாரத் திட்டத்தைத் தொடங்காதீர்கள். கிளிமிபிரைடு என்ற அந்தச் சின்ன மாத்திரை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். அதைப் போட்டுக்கொண்டு பேதிக்கும் சாப்பிட்டு, சரியான உணவும் இல்லாமல் மூன்று நாள் இருந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, கண் மங்கல், பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்படி வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். உங்கள் கணவர் ஊரில் இல்லை. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

குடலைக் கழுவிவிட்டால் கெட்ட பாக்டீரியா போய்விடும் என்பதற்கும் அடிப்படை இல்லை. பேதியில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தேதான் போகும். நீங்கள் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் ஏறக்குறைய பழைய கூட்டமே திரும்பி வரும். நடுவில் உடம்பு இழந்த நீரும் உப்பும்தான் மிச்சம்.

இப்போது மெட்ஃபார்மின். இதில்தான் உங்களை அதிகமாகத் தவறான வழிக்குத் திருப்பியிருக்கிறார்கள். மெட்ஃபார்மின் குடல் பாக்டீரியாவை மாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் எந்தத் திசையில் மாற்றுகிறது என்பதை அந்த வீடியோ சொல்லவில்லை. உங்கள் அறிக்கை எந்த அக்கர்மான்சியா குறைவு என்று சொல்கிறதோ, எதைப் பொடியாக உங்களுக்கு விற்கிறார்களோ, அதே பாக்டீரியா மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களின் குடலில் பெருகுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்ட நோயாளிகளின் மலத்திலிருந்த பாக்டீரியாவை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் செலுத்தினார்கள். அந்த எலிகளின் உடல் சர்க்கரையை முன்பைவிட நன்றாகக் கையாண்டது. அதாவது அந்த மாத்திரை செய்யும் நல்லதில் ஒரு பங்கு குடல் பாக்டீரியா வழியாகவே நடக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது. நீங்கள் அதை நிறுத்தியது இந்தக் கணக்கிலும் நஷ்டம்தான்.

உப்புசமும் வயிற்றுப்போக்கும் மெட்ஃபார்மினால் வருபவைதான். அது உங்கள் கற்பனை இல்லை, நீங்கள் பட்ட அவஸ்தையும் பொய்யில்லை. இதை உங்கள் மருத்துவரிடம் சொல்லியிருந்தால் வழி இருந்திருக்கும். மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மின் இருக்கிறது. அதில் வயிற்றுத் தொல்லை பெரும்பாலும் குறையும். வெறும் வயிற்றில் போடாமல் உணவு முடிந்த உடனே போடுவது, முதல் வாரம் இரவு ஒன்று மட்டும் போட்டுவிட்டு அப்புறம் காலையிலும் சேர்ப்பது, இரண்டுமே உதவும். நீங்கள் அனுப்பிய அறிக்கையில் கிரியேட்டினின் 0.7 என்று இருக்கிறது. சிறுநீரகம் காரணமாக மெட்ஃபார்மினைத் தவிர்க்க வேண்டிய நிலை இல்லை. இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, நிறுத்தியதை மறைக்காமல் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அதுவரை வீட்டில் சர்க்கரை பாருங்கள். 300-க்கு மேல் போனாலோ, வாந்தி, கடுமையான தாகம், அசதி வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஒரே அடுக்களை, இரண்டு உடம்பு

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் ஒரு கணக்கு வெளியானது. ஏறக்குறைய நம் உடலின் சொந்த செல்கள் எத்தனையோ அத்தனை. பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நாம் செரிக்க முடியாமல் விட்டுவிடும் நார்ச்சத்துதான் அவற்றின் முக்கிய உணவு. அதை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களை அவை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட்தான் பிரதான எரிபொருள். இந்த அமிலங்கள் குடலில் உள்ள சில செல்களைத் தூண்டி, ஜி.எல்.பி-1 போன்ற ஹார்மோன்களைச் சுரக்க வைக்கின்றன. இப்போது உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் போடும் செமாக்ளுடைடு ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஊசி நகல் எடுப்பது இதே ஹார்மோனைத்தான். பசியை அடக்கி, இன்சுலின் சரியான நேரத்தில் சுரக்க இது உதவுகிறது.

மறுபக்கமும் இருக்கிறது. நார் இல்லாமல், எண்ணெயும் கொழுப்புமாகச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால், சிலவகை பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள நச்சுப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குள் கசிகிறது. காய்ச்சல் வரும் அளவுக்கு இல்லை. உடம்புக்குள் ஓயாத ஒரு மெல்லிய அழற்சியை மூட்டிவிடும் அளவுக்கு. இன்சுலின் வேலை செய்வதை அந்த அழற்சி கெடுக்கிறது என்பதை 2007-ல் எலிகளில் காட்டினார்கள். குடலிலிருந்து ரத்தம் முதலில் போய்ச் சேரும் இடம் ஈரல் என்பதால், ஈரல் கொழுப்புக்கும் இதில் தொடர்பு இருக்கலாம் என்று தீவிரமாக ஆராய்கிறார்கள். ஈரல் சுரக்கும் பித்த அமிலங்களையும் குடல் பாக்டீரியாக்கள் உருமாற்றுகின்றன. அப்படி மாறிய அமிலங்கள் சர்க்கரை, கொழுப்பு இரண்டின் நிர்வாகத்திலும் தலையிடுகின்றன.

ஆகவே குடல் பாக்டீரியாவுக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அந்த வீடியோ சொன்னது வெறும் கதை இல்லை. அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்டனின் குழு 2004-ல் செய்த சோதனை புகழ்பெற்றது. கிருமியே இல்லாத எலிகளுக்குச் சாதாரண எலிகளின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில், முன்பைவிடக் குறைவாகத் தின்றபோதும், அவற்றின் உடல் கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடியது. 2013-ல் இதே குழு, இரட்டைப் பெண்களில் ஒருவர் குண்டாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருந்த ஜோடிகளின் மல பாக்டீரியாவை எலிகளுக்குச் செலுத்தியது. குண்டானவரின் பாக்டீரியா போன எலிக்குக் கொழுப்பு கூடியது.

வீடியோக்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. அதே சோதனையின் அடுத்த பகுதியைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்னும். அப்படி ஒல்லி எலியின் பாக்டீரியா குண்டு எலியின் குடலில் குடியேறி, அது கொழுப்பதைத் தடுத்தது. ஆனால் கொழுப்பு குறைந்த, நார் நிறைந்த தீனி கொடுத்தபோதுதான் இது நடந்தது. கொழுப்பு கூடி, காய்கனி குறைந்த தீனியைக் கொடுத்தபோது நல்ல பாக்டீரியா கூடவே இருந்தும் குடியேறவில்லை. நான் உங்களுக்குச் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒரு சோதனைக்குள் இருக்கிறது. பாக்டீரியாவைக் கொண்டுவந்து விட்டால் மட்டும் போதாது, தங்குவதற்கு அதற்குச் சாப்பாடு வேண்டும்.

எலியில் நடந்தது மனிதரில் அப்படியே நடக்கும் என்று சொல்லவும் முடியாது. சர்க்கரை நோயாளிகளின் குடலில் பியூட்டிரேட் உண்டாக்கும் பாக்டீரியா குறைவு என்று 2012-ல் சீனாவிலிருந்தும், 2013-ல் ஐரோப்பாவிலிருந்தும் ஆய்வுகள் வந்தன. அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா, சாப்பாட்டின் விளைவா? 2015-ல் வந்த இன்னோர் ஆய்வு, அந்த வித்தியாசங்களில் ஒரு பகுதி நோயாளிகள் சாப்பிட்ட மெட்ஃபார்மினால் வந்தது என்று பிரித்துக் காட்டியது. இதுவரை தெரிந்ததை வைத்துப் பார்த்தால், மனிதரில் பாக்டீரியா ஒரு பங்காளி. அதை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

உங்கள் கடிதத்தில் அதைவிட அழுத்தமான காரணங்கள் இருக்கின்றன. அம்மாவுக்குச் சுகர். இரண்டாவது பிரசவத்தில் சுகர். கர்ப்ப காலத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. ‘போய்விட்டது’ என்று நினைத்த அது உண்மையில் முன்கூட்டியே வந்த எச்சரிக்கை. நம்மவர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், உங்களுக்கு 27-க்கு மேல். பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது, உங்களுக்கு 94. பல்வலி ஆன்டிபயாடிக்கின் மேல் இத்தனை பழியும் போட முடியாது. ஆன்டிபயாடிக்கால் குடல் பாக்டீரியா குலைவது உண்மை. பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் தேறிவிடும், சில வகைகள் மட்டும் தாமதமாகும் அல்லது திரும்பாமல் போகும். பல்லில் சீழ் பிடித்திருந்தால் அந்தத் தொற்றே சர்க்கரையை ஏற்றியிருக்கும். மருத்துவர் தேவையென்று கொடுத்ததைச் சாப்பிட்டது சரிதான். சளிக்கும் தும்மலுக்கும் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதை விடுங்கள்.

உங்கள் ஓர்ப்படி விஷயத்துக்கு வருகிறேன். ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு பேரின் ரத்தச் சர்க்கரை வேறு வேறு மாதிரி ஏறுவதை 2015-ல் இஸ்ரேலில் 800 பேரை வைத்துக் காட்டினார்கள். குடல் பாக்டீரியாவும் அந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம். மரபணு, தசையின் அளவு, தூக்கம், நடமாட்டம் எல்லாம் மற்ற காரணங்கள். நீங்கள் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் என்ன வேலை செய்கிறார் என்று எழுதவில்லை. அப்புறம், ஒல்லியாக இருப்பதால் அவருக்குச் சுகர் இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? சோதித்துப் பார்த்தாரா? கை கால் மெலிந்து, வயிற்றுக்குள் மட்டும் கொழுப்பு சேர்வது நம் நாட்டில் சாதாரணம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. 30 வயது தாண்டிய எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்த மலப் பரிசோதனை

நீங்கள் அனுப்பிய 22 பக்க அறிக்கையை முழுதும் படித்தேன். வண்ணப் படங்கள் அழகாக இருக்கின்றன. ‘குண்டாக்கும் பாக்டீரியா’ என்று அதில் சொல்வது ஃபெர்மிக்யூட்ஸ், பாக்டீராய்டீட்ஸ் என்ற இரண்டு பெரும் பிரிவுகளின் விகிதத்தை. ஆரம்பகால ஆய்வுகள் சிலவற்றில் உடல் பருமனோடு இதற்குத் தொடர்பு தெரிந்தது. பிற்பாடு பல ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது நிலைக்கவில்லை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் நூற்றுக்கணக்கான இனங்கள், நல்லதும் கெட்டதும் கலந்து.

இன்னொன்று. மலத்தில் கிடைப்பது குடலின் கடைசிப் பகுதியின் சாயல்தான். மார்த்தாண்டம் சந்தையில் சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு நிற்பவர்களை எண்ணிவிட்டு, பகலெல்லாம் சந்தைக்கு வந்தவர்கள் யார், என்ன வாங்கினார்கள் என்று சொல்வதைப் போன்றது அது. சாப்பாட்டை மாற்றினால் இரண்டொரு நாளிலேயே இந்தக் கணக்கு மாறும் என்று 2014-ல் காட்டியிருக்கிறார்கள். ‘சரியான குடல்’ என்பதற்கு இதுவரை ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் கிடையாது. இந்த அறிக்கையை வைத்து உங்கள் மருந்தில் ஒரு மில்லிகிராமைக்கூட நான் மாற்ற மாட்டேன்.

நீங்கள் பார்க்க வேண்டிய பரிசோதனைகள் வேறு, விலையும் குறைவு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை சராசரிச் சர்க்கரை, வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின், கண்ணின் விழித்திரை, கால் உணர்ச்சி, கொலஸ்ட்ரால், ஈரல் என்சைம்கள். மெட்ஃபார்மின் சில வருடம் தொடர்ந்தால் வைட்டமின் பி12-ம் பார்க்க வேண்டும். விழித்திரைப் பரிசோதனை செய்ததாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. மலப் பரிசோதனைக்குக் கொடுத்த பணத்தில் இதெல்லாமே முடிந்திருக்கும் என்பதுதான் எனக்கு வருத்தம்.

பொடியும் மல மாற்றமும்

பாக்டீரியா பொடிகளால் சர்க்கரை கொஞ்சம் குறைந்ததாகச் சிறு ஆய்வுகள் உண்டு. குறைந்த அளவும் சிறிது, ஆய்வுக்கு ஆய்வு முடிவும் மாறுகிறது. சர்க்கரை நோய்க்கு மருந்தாக இவற்றை நான் எழுதுவதில்லை. மல மாற்றச் சிகிச்சை, ஆன்டிபயாடிக்குக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வரும் ஒருவகைக் குடல் தொற்றுக்கு நன்றாகப் பலன் தருகிறது. சர்க்கரைக்கு? 2012-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒல்லியானவர்களின் மலத்தைச் செலுத்தியபோது, ஆறு வாரத்தில் இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது. 2017-ல் அதே ஊரில் செய்த அடுத்த ஆய்வில், 18 வாரத்துக்குள் அந்தப் பலன் மறைந்துவிட்டது. பழைய சாப்பாடு, பழைய கூட்டம். 2019-ல் அமெரிக்காவில், இப்படிச் செலுத்திய மலத்தின் வழியாக மருந்துக்கு அடங்காத கிருமி பரவி ஒருவர் இறந்ததும் நடந்திருக்கிறது. இதைப் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம்.

‘90 நாளில் சுகர் மறையும்’ என்கிறார்களே. மருந்தில்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வருவது சிலருக்கு நடக்கிறது. அதற்கு வலுவான சான்று 2017-ல் பிரிட்டனில் வந்தது: நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை மருத்துவக் கண்காணிப்பில் எடை குறைக்க வைத்ததில், ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வேலை செய்தது எடைக் குறைப்பு. நீங்கள் இப்போதைக்கு ஐந்து கிலோவைக் குறி வையுங்கள். ஈரல் கொழுப்புக்கும் அதுவே மருந்து.

மரச்சீனி, பழஞ்சி, மற்றதெல்லாம்

‘காலையில் மரச்சீனியும் மீன் கறியும், மத்தியானம் சோறு, சாயங்காலம் பழம்பொரியும் சாயாவும், ராத்திரி சோறு அல்லது ஆப்பம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தில் பாதி வீடுகளில் இதுதான். மீனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாளையும் அயிலையும் நல்ல கொழுப்பு உள்ள மீன்கள். பொரிக்காமல் கறியாக வைத்தால் போதும். சிக்கல் மரச்சீனியில். 100 கிராம் மரச்சீனியில் 35 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது, நார்ச்சத்து 2 கிராம்கூட இல்லை. அதன் மாவு பெரும்பாலும் சிறுகுடலிலேயே சர்க்கரையாகி ரத்தத்துக்குப் போய்விடும். கீழே பெருங்குடலில் காத்திருக்கும் பாக்டீரியாவுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அடியோடு விடச் சொல்லமாட்டேன், சொன்னாலும் நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள், நான்கைந்து சிறு துண்டு, அதுவும் சோற்றுக்குப் பதிலாக. வேக வைத்த தண்ணீரை எப்போதும் போல வடித்துக் கொட்டிவிடுங்கள், அதிலுள்ள சயனைடு பொருள் போக வேண்டும். தட்டில் மீதி இடத்தில் சிறுபயறோ காணமோ (கொள்ளு) வேக வைத்தது, ஒரு துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்), மீன்.

பாக்டீரியாவுக்கு உண்மையிலேயே தீனி போடுவது உங்கள் பறம்பிலேயே கிடைக்கிறது: முருங்கைக்கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, ஏத்தங்காய் (நேந்திரங்காய்), சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை), பயறு வகைகள், அவரை, பாகற்காய். பச்சை ஏத்தங்காயில் சிறுகுடலில் செரிக்காமல் கீழே போகும் மாவு நிறைய உண்டு. அதுவே பழுத்தபின் பெரும்பாலும் சர்க்கரையாகிவிடும். எண்ணெயில் பொரித்த பழம்பொரியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவியல் நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த சிபாரிசு. ஒரே பாத்திரத்தில் ஏழெட்டு வகைக் காய். தேங்காயை மட்டும் பாதியாகக் குறைத்து, சோற்றின் அளவுக்கு அவியலையும் அவியலின் அளவுக்குச் சோற்றையும் மாற்றிப் பரிமாறிக்கொள்ளுங்கள். 2018-ல் சீனாவில் சர்க்கரை நோயாளிகளுக்குப் பலவகை நார் நிறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும் குறிப்பிட்ட சில பாக்டீரியாக்கள் பெருகின, மூன்று மாத சராசரியும் நன்றாக இறங்கியது. பொடி எதுவும் கொடுக்கவில்லை, தீனியைத்தான் மாற்றினார்கள்.

நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார் நம் இலக்கு. ஒரேயடியாக ஏற்றினால் வாயு பிடித்து, ஏற்கெனவே உப்புசம் உள்ள நீங்கள் எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்கள். முதல் வாரம் மத்தியானம் ஒரு காய் கூடுதல், இரண்டாவது வாரம் காலையில் பயறு என்று மெதுவாகப் போங்கள், தண்ணீரும் கூட்டுங்கள்.

பழஞ்சி நல்ல உணவு. ஒரு இரவு ஊறுவதில் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்கிறது, ஆறிய சோற்றில் செரிக்காத மாவும் கொஞ்சம் கூடுகிறது. ஆனால் அந்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை வழிப்போக்கர்கள், குடலில் தங்குவதில்லை. மாவிலும் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கிறது. ஆகவே பழஞ்சி என்ற பெயரில் இரண்டு கும்பா சோறு உள்ளே போனால் சுகர் ஏறத்தான் செய்யும். ஒரு சின்னக் கிண்ணம், கூடவே பயறும் சின்ன வெங்காயமும் மோரும் என்று சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். மரச்சீனிக்கும் அதே மாதிரி பாருங்கள். உங்கள் உடம்புக்கு எது ஆகும் என்று அந்த 22 பக்க அறிக்கையைவிட அந்த இரண்டு எண்கள் தெளிவாகச் சொல்லும்.

ஜீனியை விட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறியதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கருப்பட்டியிலும் இருப்பது பெரும்பாலும் அதே சர்க்கரைதான். மட்டிப்பழம் பாதி போதும், சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக. தையலின் நடுவே முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் முற்றத்தில் நடப்பது, சர்க்கரையை இறக்க நீங்கள் நினைப்பதைவிட அதிகம் உதவும்.

கட்டிய பணம்

பொடி இன்னும் வரவில்லை என்பதால், திட்டம் வேண்டாம், முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. அதன் அட்டவணையில் சர்க்கரை நோய் இருக்கிறது. உணவுச் சேர்ப்பு என்ற பெயரில் விற்கும் பொருளும் நோயைக் குணப்படுத்தும் என்று உரிமை கோர முடியாது. அவர்களுடைய விளம்பரத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் பிறகு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பணம் திரும்பி வருவதற்குள் நாளாகலாம். ‘காசு கட்டியாகிவிட்டதே’ என்பதற்காக மட்டும் பொடியைச் சாப்பிட வேண்டாம்.

மாத்திரைச் செலவு சுமையாக இருந்தால், மெட்ஃபார்மின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கண் பரிசோதனைக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

கடைசியாக உங்கள் மகள். பிறக்கும்போதும், கைக்குழந்தையாக இருக்கும்போதும் அம்மாவின் பாக்டீரியா குழந்தைக்குப் போவது இயற்கை. அது பரம்பரையாக வரும் சாபம் மாதிரி எதுவும் இல்லை. மூன்று வயதுக்குள் குழந்தையின் குடல் பாக்டீரியா பெரியவர்களுடையதைப் போல ஆகிவிடுகிறது. அதன்பின் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பதுதான் அதைப் பெரும்பாலும் வடிவமைக்கிறது. உங்கள் கர்ப்ப காலச் சுகர், பாட்டியின் சுகர் இரண்டும் சேர்ந்து அவளுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல்தான். 13 வயதில் எடை கூடிக்கொண்டே போகிறது, கழுத்தின் பின்புறம் கறுத்து வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, தேய்த்துக் கழுவினால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அவளைத் திட்டாமல், உங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும் அதே நாளில் கூட்டிக்கொண்டு போய், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாத சராசரியும் பாருங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதையும் சொல்லுங்கள். இரண்டு பேரின் முடிவுகளும் கிடைத்தபின் எனக்கு எழுதுங்கள்.